கட்டற்ற கணினியில் மூடிய மென்பொருள்: லினக்ஸில் ஜூம் அழைப்புகளை எட்ட நிறுத்திப் பயன்படுத்தும் முறை

லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ டெபியனோ நிறுவிய மடிக்கணினியில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, பிள்ளையின் பள்ளியிலிருந்தோ, நேர்காணல் நடத்தும் அலுவலகத்திலிருந்தோ, கடல் கடந்து வாழும் அண்ணனிடமிருந்தோ ஒரு ஜூம் இணைப்பு வந்து சேர்கிறது. எந்த மென்பொருளில் பேசுவது என்பதை அழைப்பவரே முடிவு செய்கிறார். அழைக்கப்பட்டவர் தம் கணினியில் மூலநிரல் திறந்த மென்பொருள்களை மட்டுமே வைத்திருந்தாலும், அந்த ஒரு மணி நேரத்துக்காவது மூடிய மென்பொருள் ஒன்றுக்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தை எவ்வளவு சிறியதாக வைத்துக்கொள்வது, அதற்குள் ஒலியும் படமும் திரைப் பகிர்வும் ஒழுங்காக இயங்க என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஜூமை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இங்கே சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி வேறு எந்த மூடிய அழைப்பு மென்பொருளுக்கும் பொருந்தும்.

ஒரு சொல் விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தனியுரிமம் என்பது மென்பொருள் யாருடைய உடைமை, அதன் நிரலை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதைப் பற்றியது. தனியுரிமை என்பது நம் அந்தரங்கத்தைப் பற்றியது. வேறுபாடு சொல்லின் கடைசியில் மட்டுமே என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. தனியுரிம மென்பொருள் எல்லாம் உளவு பார்க்கும் என்று சொல்வதற்கில்லை. அது உளவு பார்க்கவில்லை என்பதை நாமே சரிபார்த்துக்கொள்ள வழியில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த வேறுபாட்டுக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 2007இல் லினக்ஸுக்கான ஸ்கைப், கணினியின் பயனர் பட்டியலைத் தாங்கிய கோப்பையும் பயர்பாக்ஸ் உலாவியின் தரவு அடைவையும் திறந்து பார்ப்பதை, ஆப்ஆர்மர் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவுகள் வழியாகப் பயனர்கள் கண்டறிந்தனர். அந்தப் பட்டியலில் கடவுச்சொற்கள் இருப்பதில்லை என்பதாலும், பயனரின் பெயரை அறிய எத்தனையோ சாதாரண நிரல்கள் அதைப் படிப்பதுண்டு என்பதாலும், அதற்குக் குற்றமற்ற காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நிரலைத் திறந்து பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொள்ள யாராலும் முடியவில்லை. ஜூம் கதையும் ஏறக்குறைய இதேதான்: கூட்டங்களின் மறையாக்கம் விளம்பரத்தில் சொல்லப்பட்ட அளவுக்கு வலுவானதன்று என்பதை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் வெளிப்படுத்தினர், அதன் பின்னர் நிறுவனம் மறையாக்க முறையை மாற்றி, பேசுபவர்களைத் தவிர நிறுவனத்தாலும் கேட்க முடியாத முனைக்கு முனை மறையாக்கத்தை விருப்பத் தேர்வாக அவ்வாண்டு அக்டோபரில் கொண்டுவந்தது. அந்தத் தேர்வைக் கூட்டத்தை நடத்துபவரே இயக்க வேண்டும் என்பதையும், இயக்கினால் சில வசதிகள் கிடைக்கா என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, மூடிய மென்பொருளின் ஆயுள் நம் கையில் இல்லை. ஸ்கைப்பின் பழைய லினக்ஸ் பதிப்பான 4.3, 2017 ஜூலையோடு இணைய மறுத்தது. 2019 டிசம்பரில் லினக்ஸுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலி மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டு, உலாவி வழியாக மட்டும் பயன்படுத்துமாறு சொல்லப்பட்டது. ஸ்கைப் சேவையே 2025 மே 5 அன்று மூடப்பட்டது. ஆகவே உறவினர்களின் தொடர்பு எண்களையும் பழைய உரையாடல்களையும் இத்தகைய செயலிக்குள் மட்டும் வைத்திருப்பதைத் தவிருங்கள்.

முதல் வழி: உலாவி

எதையும் நிறுவாமலே கூட்டத்தில் சேர முடியும் என்பதைப் பலர் அறிவதில்லை, ஏனெனில் ஜூமின் வலைப்பக்கம் அதைக் கடைசியாகத்தான் காட்டுகிறது. இணைப்பைச் சொடுக்கியதும் செயலியைத் திறக்கச் சொல்லும் பக்கம் வரும். செயலி இல்லாததால் ஒன்றும் நடக்காது. கூட்டத்தைத் தொடங்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, பதிவிறக்கம் செய்யச் சொல்லும் அறிவிப்பைப் புறக்கணித்தால், அடியில் உலாவியிலிருந்தே சேர்வதற்கான சிறிய எழுத்து இணைப்பு தோன்றும். அது தோன்றவே இல்லையென்றால், கூட்டத்தை நடத்துபவரின் கணக்கில் அந்த வசதி முடக்கப்பட்டிருக்கலாம். அவரிடம் கேட்டு இயக்கச் சொல்லலாம், கேட்பதில் தவறேதும் இல்லை.

உலாவிவழி அழைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படையாக இருப்பது வெப்ஆர்டிசி என்னும் திறந்த நெறிமுறை. 2011இல் கூகுள் இதன் நிரலைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதை முறையான தரமாக அறிவித்தது. இதில் ஒலியைச் சுருக்கும் ஓபஸ் என்னும் முறை, ஸ்கைப் உருவாக்கிய சில்க்கையும் திறந்த மூலத் திட்டமான செல்ட்டையும் இணைத்துப் பிறந்தது என்பது ஒரு சுவையான செய்தி. மூடிய மென்பொருளிலிருந்து திறந்த உலகத்துக்கு வந்து சேர்ந்த நல்ல சொத்துகளுள் அது ஒன்று.

உலாவியில் சேரும்போது செய்ய வேண்டியவை மிகச் சில. பயர்பாக்ஸில் அழைப்புகளுக்கென்றே தனிச் சுயவிவரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். முகவரிப் பட்டையில் ஆங்கில எழுத்தில் ‘அபவுட்’ என்று தட்டச்சிட்டு முக்காற்புள்ளி வைத்து ‘ப்ரொஃபைல்ஸ்’ என்று சேர்த்தால் அதற்கான பக்கம் திறக்கும். வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றின் குக்கிகள் எதுவும் அந்தச் சுயவிவரத்தில் இருக்காது. மைக்குக்கும் கேமராவுக்கும் அனுமதி கேட்கும்போது, முடிவை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியைத் தேர்ந்தெடுக்காமல் அந்த ஒரு முறைக்கு மட்டும் அனுமதி தாருங்கள். பயர்பாக்ஸ் ஒத்துவரவில்லை என்று தோன்றினால் குரோமியம் போதும். ஜூம் என்னும் மூடிய மென்பொருளைத் தவிர்ப்பதற்காகக் குரோம் என்னும் இன்னொரு மூடிய மென்பொருளை நிறுவுவது, பூனைக்குப் பயந்து புலியை வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும். அதிலும் குரோமின் டெப் கோப்பு (உபுண்டு, டெபியனுக்கான நிறுவல் கோப்பு) தன் நிறுவனத்தின் மென்பொருள் களஞ்சியத்தையும் உங்கள் கணினியின் பட்டியலில் சேர்த்துவிடும்.

பெரும்பாலோருக்கு இந்த வழியே போதும் என்பது என் கருத்து. இதில் வசதிகள் சற்றுக் குறைவு என்பதும், பழைய கணினியில் செயலியைவிட உலாவி அதிக நினைவகத்தை விழுங்கும் என்பதும் உண்மை. ஆயினும், உலாவி தன் பக்கங்களைத் தனிக் கூண்டில் அடைத்து இயக்குவதால், நாம் ஏதாவதொரு கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலன்றி ஜூமின் நிரல் உங்கள் ஆவணங்களைத் தொட முடியாது.

இரண்டாம் வழி: ஃபிளாட்பேக் கூண்டு

வாரந்தோறும் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும், தானே கூட்டம் நடத்துபவருக்கும் செயலி தேவைப்படலாம். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, செயலியைத் தனிக் கூண்டில் அடைத்து இயக்கும் ஃபிளாட்பேக் வடிவம். ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையில் ஃபிளாட்பேக் முன்பே இருக்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் ‘ஃபிளாட்பேக்’ என்ற பெயருடைய தொகுப்பை வழக்கம்போல் நிறுவி, பின்பு அவ்வடிவச் செயலிகள் கிடைக்கும் ஃபிளாட்ஹப் களஞ்சியத்தைச் சேர்த்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஃபிளாட்ஹப்பில் உள்ள ஜூம் தொகுப்பை ஜூம் நிறுவனம் வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் எழுதிய செய்முறையின்படி பொதியப்பட்டது அது. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு: நிறுவனத்தின் நிறுவல் நிரல்கள் உங்கள் கணினியில் நிர்வாகி உரிமையோடு ஓடுவதில்லை, ஆனால் சிக்கல் வந்தால் நிறுவனத்தின் உதவி மையம் கைவிரித்துவிடும்.

ஃபிளாட்பேக் என்றாலே முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கூண்டில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்பதைத் தொகுப்பைத் தயாரித்தவர் முடிவு செய்திருப்பார். அவற்றை மூடுவதும் திறப்பதும் பயனர் கையில். இதற்கு பிளாட்சீல் என்னும் சிறிய செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் ஜூமைத் தேர்ந்தெடுத்து, கோப்பு முறைமைப் பகுதியில் வீட்டு அடைவு (உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) முழுவதற்கும் அனுமதி இருந்தால் நீக்கிவிட்டு, பதிவு செய்த கூட்டங்களைச் சேமிக்க ஒரேயொரு அடைவை மட்டும் விட்டுவையுங்கள். கேமரா இயங்க வேண்டுமென்றால் சாதனங்களுக்கான அனுமதி தேவைப்படும். அதை மூடினால் படம் வராது.

பிளாட்சீலால் தீர்க்க முடியாத இரண்டு குறைகளையும் அறிந்திருப்பது நல்லது. ஒலிக்கான அனுமதி ஒன்றே ஒன்றுதான். கேட்பதற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று என்று அது பிரிக்கப்படவில்லை. அதாவது ஒலிபெருக்கியைப் பயன்படுத்த விட்டால் மைக்கையும் பயன்படுத்த விட்டதாகவே பொருள். மற்றொன்று, எக்ஸ்11 என்னும் பழைய திரை முறைமையில் ஒரு செயலி மற்றொரு செயலியின் சாளரத்தையும் விசைத் தட்டல்களையும் கவனிப்பதற்குத் தடையே இல்லை. ஃபிளாட்பேக் கூண்டும் இங்கே பயன்படாது. வேலண்ட் என்னும் புதிய திரை முறைமையில் இந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. வேலண்டுக்குள் பழைய பாணிச் செயலிகள் எக்ஸ்வேலண்ட் வழியாக ஓடினாலும், அவை தம்மைப் போன்ற பழைய செயலிகளை மட்டுமே வேவு பார்க்க முடியும். உங்கள் கணினி எதில் இயங்குகிறது என்பதை, க்னோம் என்னும் மேசைச் சூழலின் அமைப்புகளில் கணினியைப் பற்றிய விவரப் பக்கத்தில் சாளர முறைமை என்ற வரியில் காணலாம். ஃபெடோரா 2016 முதலும் உபுண்டு 21.04 முதலும் வேலண்டையே முதன்மையாகக் கொண்டுள்ளன.

மூன்றாம் வழி: டெப் கோப்பு

நிறுவனத்தின் தளத்திலிருந்து டெப் கோப்பைப் பதிவிறக்கி நிறுவுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நானோ அதைக் கடைசியில் வைக்கிறேன். காரணம் எளியது: டெப் கோப்பை நிறுவும்போது நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடுமாறு அதற்குள் வைக்கப்பட்ட நிரல்கள் ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு இயங்குகின்றன. அந்த நிமிடத்தில் அவை கணினியில் எதையும் செய்யலாம். டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ள தொகுப்புகளுக்கும் இது பொருந்தும் என்றாலும், அங்கே பலர் கண்ணில் பட்ட நிரல், இங்கே அப்படியன்று.

இருந்தும் இவ்வழியே வேண்டும் என்றால், கோப்பை ஜூமின் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுக்காதீர்கள். நிறுவும் முன் காப்பகத் திறப்பானில் அந்தக் கோப்பைத் திறந்தால், கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த நிரல்களைப் படித்துப் பார்க்கலாம். அவை சாதாரண ஷெல் நிரல்களே, மறைக்கப்பட்டவை அல்ல. முனையத்தில் நிறுவுவோர் டிபிகேஜி கட்டளையைப் பயன்படுத்தினால் சார்ந்த தொகுப்புகள் இல்லை என்று பாதியில் நிற்கும். அதற்குப் பதிலாக ஆப்ட் இன்ஸ்டால் கட்டளைக்குக் கோப்பின் பாதையை, புள்ளியும் சாய்கோடும் முன்னே வைத்துக் கொடுத்தால் தேவையான தொகுப்புகளையும் அதுவே கொண்டுவந்துவிடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் இயங்குதளமும் டெபியன் வழி வந்ததாகையால், அதை வைத்திருப்போருக்கும் இதே முறை பொருந்தும்.

நிறுவிய பிறகு மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஜூமின் டெப் கோப்பு தனக்கென ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பதில்லை. கணினியின் வழக்கமான புதுப்பிப்பில் அது புதுப்பிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். பாதுகாப்புக் குறைகள் திருத்தப்பட்டது தெரியாமலே போகும். ஒருநாள் பதிப்பு மிகவும் பழையதாகிவிட்டது என்று சொல்லிக் கூட்டத்தில் சேரவிடாமல் தடுத்துவிடும். அந்த ஒருநாள் பெரும்பாலும் நேர்காணல் நாளாகத்தான் அமையும். ஆகவே முக்கியமான அழைப்புக்கு முந்தைய நாளே செயலியைத் திறந்து, ஜூம் தளத்தில் எப்போதும் திறந்திருக்கும் சோதனைக் கூட்டத்தில் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுங்கள்.

இந்த வழியைத் தேர்ந்தவர்களுக்கு நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது, அழைப்புகளுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கிக்கொள்வது. அமைப்புகளில் பயனர் பகுதிக்குச் சென்று, நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் நுழைந்து ஜூமை இயக்குங்கள். உபுண்டு 21.04 முதல் புதிதாக நிறுவப்பட்ட கணினிகளில் ஒரு பயனரின் வீட்டு அடைவை மற்றொரு பயனர் திறக்க முடியாது. அதற்கு முந்தைய பதிப்பை நிறுவிப் படிப்படியாக மேம்படுத்தி வந்தவர்கள், தம் வீட்டு அடைவின் பண்புகளில் பிறருக்கு அணுகல் இல்லை என்று தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். கூண்டு, அனுமதி என்று எதுவும் புரியாத பெரியவர்களுக்குக்கூட இதை அமைத்துக் கொடுத்துவிடலாம்: ‘அந்தப் பெயரில் நுழைந்தால் அழைப்பு, இந்தப் பெயரில் நுழைந்தால் மற்ற வேலை’ என்று சொன்னால் போதும்.

ஒலி வரவில்லை என்றால்

லினக்ஸில் அழைப்பு மென்பொருள் பற்றிய முறையீடுகளில் பெரும்பாலானவை ஒலி அடுக்கிலேயே முடிகின்றன. செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதால் அவை தீர்வதில்லை. ஸ்கைப் 4.3 வெளிவந்த 2014இல், அது பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிச் சேவை இல்லாத கணினிகளில் வாய் பேசாமல் நின்றதால் பலர் திண்டாடினர். இன்று அந்த இடத்தைப் பைப்வயர் பிடித்துக்கொண்டுள்ளது: ஃபெடோரா 34, உபுண்டு 22.10, டெபியன் 12இன் க்னோம் ஆகியவற்றிலிருந்து அதுவே முதன்மை. பல்ஸ்ஆடியோவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் செயலிகளுக்குப் பைப்வயர் அதே மொழியில் பதில் சொல்லும் என்பதால் பழைய கருவிகளும் இயங்குகின்றன.

அவற்றுள் பாவுகண்ட்ரோல் என்னும் ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலி இன்றியமையாதது; உபுண்டு, டெபியன் களஞ்சியங்களிலேயே இருக்கிறது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதைத் திறந்து, பதிவுப் பகுதிக்குச் செல்லுங்கள். அழைப்புச் செயலியோ உலாவியோ எந்த மைக்கிலிருந்து ஒலியை எடுக்கிறது என்று அங்கே தெரியும். நீங்கள் பேசும்போது அதன் கீழுள்ள பட்டை அசைய வேண்டும். பட்டை அசைந்தும் எதிர்முனையில் கேட்கவில்லை என்றால் குறை செயலியில் அல்லது வலையமைப்பில். பட்டை அசையவே இல்லை என்றால் குறை மைக்கில் அல்லது தேர்வில். இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். வெளித்திரையையோ தொலைக்காட்சியையோ எச்டிஎம்ஐ வழியாக இணைத்தவர்களுக்கு ஒலி அங்கே சென்று மறைந்திருக்கலாம்; அதை இயக்கப் பகுதியில் மாற்றலாம். ஒருமுறை இரண்டு மணி நேரம் எல்லா அமைப்புகளையும் புரட்டிப் பார்த்த பின்பு, தலையணி ஒலிபெருக்கியின் கம்பியிலேயே ஒலியடக்கு விசை ஒன்று இருப்பதையும் அதை நானே அழுத்தி வைத்திருந்ததையும் கண்டேன். ஆகவே, கம்பியையும் பாருங்கள்.

புளூடூத் கருவிகள் தனிக் கதை. பாட்டுக் கேட்கும்போது அவை ஏ2டிபி என்னும் நிலையில் நல்ல தரத்தில் இயங்குகின்றன. ஆனால் அந்த நிலையில் மைக் கிடையாது. அழைப்பில் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் கருவி எச்எஃப்பி அல்லது எச்எஸ்பி நிலைக்கு மாறுகிறது. அங்கே ஒலி ஒற்றைத் தடத்தில், பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸிலும் எம்எஸ்பிசி முறையில் 16 கிலோஹெர்ட்ஸிலும் மாதிரியெடுக்கப்படுகிறது. திடீரென்று எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். எந்த இயங்குதளத்திலும் புளூடூத்தின் இந்த நெறிமுறைகள் இப்படித்தான் இயங்கும். மருந்து எளியது: பாவுகண்ட்ரோலின் உள்ளமைவுப் பகுதியில் கருவியை ஏ2டிபி நிலையிலேயே நிறுத்திவிட்டு, மைக்காக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுங்கள்.

கர்நாடக இசை வகுப்புகளை இணையவழி நடத்துவோருக்கு ஒரு குறிப்பு. அழைப்பு மென்பொருள்கள் மின்விசிறியின் இரைச்சலை நீக்கும் அதே முறையில், இடையறாது ஒலிக்கும் தம்புராவின் சுருதியையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். நீண்ட கார்வைகளும் நடுவில் தேய்ந்துபோகும். ஜூம் செயலியின் ஒலி அமைப்புகளில், இசைக் கலைஞர்களுக்கான மூல ஒலி என்னும் பொருள்பட ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கி, இரைச்சல் நீக்கத்தையும் எதிரொலி நீக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். எதிரொலி நீக்கம் இல்லாதபோது ஒலிபெருக்கியைத் தவிர்த்துக் கம்பியுள்ள காதணி ஒலிபெருக்கியை மட்டும் பயன்படுத்துங்கள். உலாவியை விட்டுச் செயலிக்குப் போவதற்கு நான் ஏற்றுக்கொள்ளும் நியாயமான காரணங்களுள் இதுவும் ஒன்று.

எல்லாம் சரியாக இருந்தும் ஒலி எழவில்லை என்றால், கணினியை மறுதொடக்கம் செய்வதற்கு முன் பைப்வயர், வயர்பிளம்பர் ஆகிய இரு சேவைகளை மட்டும் பயனர் நிலையில் மறுதொடக்கம் செய்து, அழைப்பில் மீண்டும் சேர்ந்து பாருங்கள். இதற்கு நிர்வாகி உரிமை தேவையில்லை.

கேமராவும் திரைப் பகிர்வும்

யூஎஸ்பி கேமராக்களில் பெரும்பாலானவை யூவிசி என்னும் பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் தனி இயக்கி எதுவும் இல்லாமலே இயங்கும். படம் கறுப்பாக இருந்தால் வேறு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லினக்ஸில் வழக்கமான முறையில் ஒரு நேரத்தில் ஒரு செயலிக்கு மட்டுமே கேமரா கிடைக்கும். உலாவியின் ஏதோ ஒரு தாவலில் மறந்துபோன அழைப்பு திறந்திருப்பது மிகச் சாதாரணம். சீஸ் போன்ற எளிய கேமராச் செயலியில் படம் தெரிகிறதென்றால் வன்பொருளில் குறையில்லை. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் ஐபியு6 என்னும் வேறு வகைக் கேமரா அமைப்பு இருக்கிறது. அதற்கான ஆதரவு லினக்ஸின் கருவான கெர்னலின் 6.10ஆம் பதிப்பில்தான் முதன்மை நிரலில் சேர்ந்தது என்பதால், அத்தகைய கணினியில் பழைய இயங்குதளத்தோடு மல்லாடுவதைவிட ஒரு யூஎஸ்பி கேமரா வாங்கிவிடுவது மலிவு.

வேலண்டில் எந்தச் செயலியும் தானாகத் திரையைப் படம்பிடிக்க முடியாது. செயலி கேட்க, இயங்குதளம் தன் சொந்தச் சாளரத்தைத் திறந்து, எதைக் காட்டலாம் என்று உங்களிடம் கேட்டு, நீங்கள் தேர்ந்ததை மட்டும் பைப்வயர் வழியாகக் கொடுக்கிறது. ஜூம் முதலில் க்னோமின் திரைப்பிடிப்பு வசதியைக் குறுக்குவழியாகப் பயன்படுத்திவந்தது. 2021இல் க்னோம் 41 அந்த வாசலை மூடியதும் பகிர்வு நின்றுபோய், பின்னரே முறையான வழிக்கு வந்தது. இன்று பகிர்வு இயங்கவில்லை என்றால், அந்தத் தேர்வுச் சாளரத்தைத் திறக்கும், உங்கள் மேசைச் சூழலுக்குரிய போர்ட்டல் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்: க்னோமுக்கு ஒன்று, கேடிஇக்கு ஒன்று, ஸ்வே போன்றவற்றுக்கு டபிள்யூஎல்ஆர் என்று முடியும் இன்னொன்று. தேர்வுச் சாளரம் வரும்போது முழுத் திரையை விட்டுவிட்டு, காட்ட வேண்டிய ஒரு சாளரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அப்போது மேலே வந்து விழும் அறிவிப்புகளோ பின்னால் திறந்திருக்கும் கடிதமோ செயலிக்கே போய்ச் சேர்வதில்லை.

வலையமைப்பு

வீட்டு இணைப்பில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்லூரி, அலுவலகங்களில் நேரலை ஒலிக்கும் படத்துக்கும் ஏற்ற யூடிபி என்னும் தரவு அனுப்பும் முறை தடுக்கப்பட்டிருந்தால், ஜூம் டிசிபி என்னும் மற்றொரு முறைக்கு மாறிக்கொள்ளும், பேச்சு விட்டு விட்டு வரும். அங்குள்ள வலையமைப்பு நிர்வாகியிடம் யூடிபி 8801 முதல் 8810 வரையிலான துறைகளை (போர்ட்) திறக்கக் கேட்கலாம். கைப்பேசித் தரவைப் பகிர்ந்து பேசுவோர் கேமராவை அணைத்துவிட்டால் போதும்: குரல் மட்டும் என்றால் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் வரை போதுமானது, இருவர் பேசும் தெளிவான காணொளிக்கு 600 கிலோபிட்டும், 720பி தரத்துக்கு 1.2 மெகாபிட்டும் வேண்டும்.

அழைப்பு முடிந்த பின்

சாளரத்தை மூடுவதும் செயலியை மூடுவதும் ஒன்றல்ல. ஜூம், அறிவிப்புப் பட்டையில் ஒளிந்து ஓடிக்கொண்டே இருக்கலாம். அங்கிருந்து வெளியேறி, கணினிக் கண்காணிப்பில் அதன் பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இனித் தேவையில்லை என்று நீக்கும்போது, ஆப்ட் வழியாக எவ்வளவு முழுமையாக நீக்கினாலும் வீட்டு அடைவில் உள்ளவற்றை அது தொடாது. கோப்பு மேலாளரில் கட்டுப்பாட்டு விசையோடு எச் விசையை அழுத்தி மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தால், புள்ளியில் தொடங்கும் ஜூம் அடைவும், ‘கான்ஃபிக்’ அடைவுக்குள் ஜூமின் பெயரில் தொடங்கும் அமைப்புக் கோப்பும் தெரியும். இரண்டையும் கையால் அழியுங்கள். ஃபிளாட்பேக்கில் நிறுவியவர்கள் நீக்கும் கட்டளையோடு தரவையும் அழிக்கச் சொல்லும் தேர்வைச் சேர்த்தால், அந்தச் செயலிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த தனி அடைவும் சேர்ந்தே போய்விடும். தனிப் பயனர் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு வேலை இன்னும் குறைவு: அமைப்புகளில் அந்தக் கணக்கை நீக்கி, அதன் கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.